போர் முடிந்ததைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வீட்டுப்பாடம் கேட்டது:

வணக்கம். 7 வயதும் 11 வயதுமாக இரண்டு பிள்ளைகள். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளட். முற்றம் கிடையாது, ஒரு மேசையும் சின்ன பல்கனியும்தான். விடுமுறையில் ஒரு வாரம் ஒதுக்கி, போர் எப்படி முடிகிறது என்பதைக் கைவேலையோடு சொல்லிக்கொடுக்க யோசனை. புத்தகங்களில் போர் தொடங்கிய காரணம் இரண்டு பக்கம் போகிறது, முடிந்தது மட்டும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. சின்னவர் கேட்பது: "முடிஞ்சுதெண்டு ஆர் விசில் ஊதினது?" பெரியவருக்கு உலகப் போர்கள் ஓரளவு தெரியும். 2009இல் இலங்கையில் முடிந்த போரைப் பற்றியும் கேட்கிறார்.

குசினியிலும் கொப்பிக் கடையிலும் கிடைக்கிற சாமான் போதுமானதாக இருக்க வேண்டும். பிணப்படங்கள், பயமுறுத்தும் வீடியோக்கள் வேண்டாம். அதற்காக எல்லாருக்கும் கொடி கொடுத்து "சமாதானம்" என்று எழுத வைக்கும் வேலையும் வேண்டாம். அது பள்ளிக்கூடத்திலேயே நடக்கிறது.

முடிச்சு எழுதியது:

விசிலிலிருந்தே தொடங்குங்கள். முதலாம் உலகப் போரில் கிட்டத்தட்ட ஒரு விசில் இருந்தது. 1918 நவம்பர் 11 அதிகாலை 5 மணி கடந்து சற்று நேரத்தில், பிரான்சில் கொம்பியேன் காட்டில் நின்ற ஒரு ரயில் பெட்டிக்குள் போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்து விழுந்தது. சண்டை நிற்க வேண்டிய நேரம் காலை 11 என்று எழுதினார்கள். இடையில் கிட்டத்தட்ட 6 மணித்தியாலம். ஹென்றி கந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10.59க்குச் சுடப்பட்டு இறந்தார். கடதாசித் தட்டில் ஒரு மணிக்கூடு செய்து, முள்ளை 5இலிருந்து 11 வரை ஒவ்வொரு மணியாக நகர்த்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு மணியிலும் ஒரே கேள்வி: "இப்ப ஆருக்குத் தெரியும், ஆருக்கு இன்னும் தெரியாது?" செய்தி தந்தியில் போகிறது, தொலைபேசியில் போகிறது, கடைசிப் பதுங்குகுழிக்கு ஆள் ஓடிப் போய்ச் சொல்லவேண்டும். 7 வயதுக்கு இது 15 நிமிட வேலை. அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

பெரியவருக்குக் கயிறு. இரண்டாம் உலகப் போருக்கு ஒரே விசில் கிடையாது, அதைக் கண்ணால் பார்க்க இதுதான் நல்ல வழி. 2.5 மீற்றர் பருத்திக் கயிறு, உடுப்புக் கிளிப் 7, தபாலட்டை அளவில் வெட்டிய பிரிஸ்டல் போர்ட் 7, அடிமட்டம். 1 நாளுக்கு 1 செ.மீ. கயிற்றின் இடது நுனியில் 20 செ.மீ. விட்டு, அங்கே பூச்சியம் வையுங்கள். பூச்சியத்தில் 1945 மே 8, ஐரோப்பாவில் முடிந்த நாள். 79 செ.மீ.இல் ஜூலை 26, யப்பானைச் சரணடையக் கேட்ட பொட்ஸ்டாம் பிரகடனம். 90இல் ஓகஸ்ட் 6, ஹிரோஷிமா. 93இல் நாகசாகி. 99இல் ஓகஸ்ட் 15, யப்பான் சக்கரவர்த்தி சரணடைவை வானொலியில் அறிவித்த நாள். 117இல் செப்டெம்பர் 2, மிசூரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் யப்பானின் சரணடைவுக் கையெழுத்து. 127இல் செப்டெம்பர் 12, சிங்கப்பூரில் நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் முன்னிலையில் சரணடைவு.

கயிற்றில் முடிச்சுப் போடாதீர்கள். என் பெயரே முடிச்சு, ஆனாலும் சொல்கிறேன்: ஒவ்வொரு முடிச்சும் ஏறக்குறைய 1 செ.மீ. கயிற்றைத் தின்றுவிடும், ஏழாவது முடிச்சுக்கு வரும்போது கணக்கு ஒரு வாரம் பிசகியிருக்கும். கம்பளி நூல் இழுபடும், நைலோன் கயிறு கிளிப்பிலிருந்து வழுக்கும்.

முக்கியமான வேலை அட்டையில்தான். முன்பக்கம் திகதி. பின்பக்கம் இரண்டு வரி: "இன்றைக்கு யாருக்கு முடிந்தது", "யாருக்கு முடியவில்லை". மே 8க்கு லண்டன் தெருவில் ஆடுகிறார்கள் என்று எழுதிவிட்டு, இலங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் நேசநாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் இன்னும் யப்பானுக்கு எதிரான போரை நடத்திக்கொண்டிருக்கிறது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு போட்ட படையோடு நடக்கும் போர் அது. மே 8 நமக்கு அரை முடிவுதான் என்பது அட்டையைத் திருப்பும்போது தானாகத் தெரியும்.

கயிறு முடிந்தபின் ஒரு கேள்வி வையுங்கள்: கடைசி ஆள் எங்கே? ஹிரூ ஒனோடா என்ற யப்பானிய அதிகாரி போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பைன்சின் லுபாங் தீவுக் காட்டிலேயே இருந்தார். வெளியே வந்தது 1974 மார்ச்சில். அதே அளவில் செப்டெம்பர் 2இலிருந்து 104 மீற்றர். பிளட்டுக்குள் அடங்காது. காலிமுகத்திடலுக்குப் போய் நடந்து பாருங்கள். பிள்ளை 10 அடி வைத்த தூரத்தை அளந்து 10ஆல் வகுத்தால் ஓர் அடியின் நீளம் வரும். 52 செ.மீ. என்றால் 200 அடி.

குசினிக்கணக்கு எழுதியது:

முடிச்சு சொன்னதெல்லாம் திகதி. திகதி பெரியவருக்குச் சரி, சின்னவருக்குப் போர் முடிந்ததோ இல்லையோ சாப்பாட்டில்தான் தெரியும். கூப்பன் செய்யுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவில் ஒருவருக்கு ஒரு வாரத்துக்குக் கூப்பனில் கிடைத்த தேயிலை 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். போர் போகப் போகக் கூடிக் குறைந்தாலும் பெரும்பாலும் இதுதான். தராசில் 57 கிராமை நிறுத்து ஒரு போத்தலில் போடுங்கள். தட்டிய தேக்கரண்டிக்கு ஏறக்குறைய 2 கிராம். 28 கோப்பை, நாளுக்கு நாலு. நம்முடைய மலைத் தோட்டங்களில் கிள்ளிய கொழுந்து அங்கே கூப்பனில் போயிருக்கிறது என்று சொன்னால் பெரியவர் நிமிர்ந்து உட்காருவார். சீனி 8 அவுன்ஸ், 227 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் போட்டால் நாளுக்கு 8 கரண்டி. அதை இரண்டாவது போத்தலில் போட்டு, வாரம் முழுக்க அந்தப் போத்தலிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

கவனம்: இது எண்ணும் விளையாட்டு, பட்டினி விளையாட்டு இல்லை. சோறு, பால், முட்டை எதிலும் கை வைக்கவேண்டாம். சீனியையும் தேயிலையையும் மட்டும் கட்டுப்படுத்தினால் போதும். போத்தல் வியாழக்கிழமையே காலியாகும். அப்போது "பரவாயில்லை" என்று நிரப்பிவிட்டால் விளையாட்டு அங்கேயே செத்துவிடும். காலியாகவே விடுங்கள்.

கூப்பன் புத்தகத்துக்கு ஒரு டிமை கடதாசியை 4 செ.மீ. சதுரமாகக் கோடிட்டு, தையல் மெசினில் நூல் கோக்காமல் கோட்டின் மேல் ஓட்டுங்கள். முத்திரை போலக் கிழியும். தையல் நீளம் 3 மி.மீ. அதற்குக் குறைத்தால் கையில் எடுக்கும்போதே கிழிந்துவிடும். பழைய ஊசி போடுங்கள், கடதாசி ஊசியை மழுக்கிவிடும். மெசின் இல்லாவிட்டால் ஒரு பழைய பஞ்சு மெத்தைத் துண்டின் மேல் கடதாசியை வைத்துக் குண்டூசியால் குத்தலாம், ஆனால் அந்த வேலை பெரியவருக்கு மட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போர் முடிந்ததும் கூப்பன் போய்விடும் என்றுதான் பிள்ளை நினைக்கும். நீங்களும் அப்படியே நினைக்க விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை "போர் முடிந்தது" என்று அறிவித்துவிட்டு, திங்கட்கிழமை ஒரு புதிய கூப்பன் கொடுங்கள்: பாண். உண்மையில் நடந்தது அதுதான். பிரித்தானியாவில் போர்க்காலம் முழுக்கப் பாணுக்குக் கூப்பன் இருக்கவில்லை, 1946 ஜூலையில் தொடங்கி 1948 ஜூலை வரை இருந்தது. தேயிலைக் கூப்பன் போனது 1952 ஒக்டோபரில், சீனி 1953 செப்டெம்பரில், இறைச்சி 1954 ஜூலை 4இல். ஐரோப்பாவில் சமாதானம் வந்து ஒன்பது வருடம்.

நம்ம பக்கமும் அதே கதை. 1942இல் பர்மா யப்பானிடம் போக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது. போர் முடிந்தபின்னும் கூப்பன் அரிசி தொடர்ந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர, ஓகஸ்ட் 12இல் நாடு தழுவிய ஹர்த்தால், ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1979இல் உணவு முத்திரை வரும்வரை அந்தப் பங்கீடு ஏதோ ஒரு வடிவில் இருந்தது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் "கூப்பன் கடை" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொடுங்கள், மற்றதை அவர்களே பேசிக்கொள்வார்கள். பெரியவருக்கு 2022 எரிபொருள் வரிசையும் கியூஆர் கோட்டும் ஞாபகம் இருக்கும். பங்கீடு என்றால் என்ன என்று வேறு விளக்கமே தேவைப்படாது.

பழைய_கடதாசி எழுதியது:

நவம்பர் 11 என்றால் எல்லாரும் போரில் இறந்தவர்களின் நினைவாக அணியும் சிவப்புப் பொப்பிப் பூ செய்யச் சொல்வார்கள். கொழும்பில் அதற்கு எதிராக இன்னொரு பூ இருந்தது, அதையும் செய்யுங்கள். 1930களின் தொடக்கத்தில் பொப்பி விற்ற காசு பெரும்பாலும் பிரித்தானியாவுக்கே போகிறது என்ற குறையோடு, அதே நாளில் சூரியமல் விற்கத் தொடங்கினார்கள். சூரியமல் என்றால் சூரியகாந்தி இல்லை, நம்ம பூவரசம்பூ. அந்த இயக்கத்தார்தான் 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் கிராமங்களுக்கு நிவாரணத்தோடு போனார்கள். ஒரே போர் முடிவு, ஒரே நாள், ஒரே ஊர், இரண்டு பூ. அது ஏன் என்ற கேள்வி பெரியவருக்கு.

பூவரசம்பூ செய்முறை: மஞ்சள் கிறேப் கடதாசி, 6 செ.மீ. உயரம், 5 செ.மீ. அகலத்தில் இதழ் 5. கிறேப்பின் சுருக்கம் இதழின் உயரத்தோடு நெடுக்காக ஓடவேண்டும். குறுக்காக வெட்டினால் பெருவிரலால் இழுத்துக் குழி எடுக்க முடியாது, இதழ் தட்டையாகவே நிற்கும். அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு உண்டு. அதை பெல்ட் பேனையால் போடாதீர்கள், கிறேப்பில் ஊறிப் பரவிவிடும். கிறெயோனால் தீட்டுங்கள், அல்லது 1.5 செ.மீ. கருஞ்சிவப்புக் கடதாசி முக்கோணம் ஒட்டுங்கள். நடுத்தண்டுக்கு 2 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீள மஞ்சள் பட்டையின் ஒரு விளிம்பைப் பொடியாக வெட்டி, ஈர்க்கின் நுனியில் சுற்றுங்கள். இதழ்களை ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றி வைத்து, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பைண்டர் கம் அதிகம் போனால் கிறேப் நனைந்து சாயம் கழன்று கையெல்லாம் மஞ்சளாகும். பூவரசம்பூ முழுதாக விரியாது, மணி போலக் குவிந்தே நிற்கும். விரித்துவிட்டால் செம்பருத்தி ஆகிவிடும்.

பொப்பிக்கு இதழ் 4, சிவப்பு, நடுவில் கறுப்பு. அதற்கு இவ்வளவு பாடு இல்லை.

கடற்கரைப் பக்கம் பூவரசு நிற்கும். காலையில் உதிராத ஒரு பூவைப் பறித்துத் தண்ணீரில் வைத்தால் மாலைக்குள் மஞ்சள் மங்கிச் செம்மை ஏறும். சின்னவருக்கு அது போதும், அரசியல் வேண்டாம். இலையைச் சுருட்டி ஒரு நுனியை நசுக்கிப் பீப்பி ஊதவும் கற்றுக்கொடுங்கள். விசில் கேட்டாரே.

கைவேலை முடிந்தபின் விகாரமகாதேவி பூங்காவுக்குப் போகலாம். பொது நூலகத்துக்குப் பின்னால் உள்ள போர் நினைவுத் தூண் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது. முதலில் காலிமுகத்திடலில் நின்றது. இரண்டாம் உலகப் போரில் கடலிலிருந்து எதிரிக்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து இங்கே மாற்றினார்கள். ஒரு போர் முடிந்ததற்காகக் கட்டியதை அடுத்த போருக்காகக் கழற்றியிருக்கிறார்கள். தூணின் உயரத்தைத் தன் நிழலோடு ஒப்பிட்டுக் கணக்கிடச் சொன்னால் கணிதமும் ஆகும். இரண்டு நிமிட மௌனம் 7 வயதுக்கு நீளம். 30 விநாடி, கையில் மணிக்கூட்டோடு.

தாண்டிக்குளம் எழுதியது:

மேலே எழுதியவை நல்ல வேலைகள். ஆனால் 2009ஐ யாரும் தொடவில்லை. கேட்டவர் கேட்டிருக்கிறார். தூரத்துப் போரை முதலில் பழகிவிட்டுப் பக்கத்துப் போருக்கு வரலாம் என்பது சரியான ஒழுங்குதான். ஆனால் கொழும்பில் தமிழ் வீட்டுப் பிள்ளை அதை ஏற்கெனவே பாதிப் பாதியாகக் கேட்டிருக்கும். அரைகுறையாகக் கேட்டதை நேராக்குவதே முதல் வேலை.

ஒரு கடதாசியை நடுவில் மடித்து இரண்டு பத்தி. 2009 மே 18இல் போர் முடிந்ததாக இராணுவம் அறிவித்தது, 19இல் ஜனாதிபதி பாராளுமன்றத்தில் உரையாற்றினார். ஒரு பத்தியில் அந்த வாரத்துக்குக் கொழும்பில் வழங்கும் பெயர்களை எழுதட்டும்: வெற்றி நாள், இராணுவ வீரர் நினைவு. 2015இல் அரசாங்கம் "வெற்றி" என்பதை எடுத்துவிட்டு "நினைவு நாள்" என்று வைத்தது, அதையும் சேர்க்கலாம். மற்றப் பத்தியில், கடைசிச் சண்டையில் இறந்த தமிழ் மக்களை நினைக்கும் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல். மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அந்த வாரத்துத் தலைப்புகளை வெட்டி ஒட்டலாம். எது சரியான பெயர் என்று பிள்ளையிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். வகுப்பில் பக்கத்தில் இருக்கும் சிங்களப் பிள்ளையின் மாமா அந்தப் போரில் இறந்திருக்கலாம். அந்தப் பெயரும் இதே கடதாசியில்தான் வரவேண்டும்.

பெரியவர் எத்தனை பேர் என்று கேட்பார். எண்ணிக்கையில் இன்னும் உடன்பாடு இல்லை என்பதே நேர்மையான பதில். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது, அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 11 வயதுக்கு அதற்கு மேல் போகவேண்டாம். ஒரு போர் முடிந்து இத்தனை வருடம் கழித்தும் எண்ணி முடியவில்லை என்பது அந்த வயதுக்குப் போதுமான அளவு பெரிய செய்தி.

கைவேலை: தண்டவாளம். வடக்குப் பாதை 1990இல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஐஸ்கிறீம் குச்சி 68 வாங்குங்கள், ஒரு குச்சி ஒரு மாதம். பிரிஸ்டல் போர்ட்டை 10 செ.மீ. பட்டிகளாக வெட்டி, நுனியோடு நுனி ஒட்டி 140 செ.மீ. ஆக்குங்கள். குச்சிகளை 2 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கே அடுக்குங்கள். தொடக்கத்தில் "2009 மே". பாதையைத் திரும்பப் போட்டு ரயில் போய்ச் சேர்ந்த ஊருக்கெல்லாம் ஒரு கொடி. 24ஆவது குச்சியில் ஓமந்தை என்று ஒரு கொடி, 2011 மே. 40இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடல், 2012 செப்டெம்பர். 52இல் கிளிநொச்சி, 2013 செப்டெம்பர். 58இல் பளை, 2014 மார்ச். 65இல் யாழ்ப்பாணம், 2014 ஒக்டோபர். 68இல் காங்கேசன்துறை, 2015 ஜனவரி. இரண்டு கறுப்புச் சணல் நூலைத் தண்டவாளமாக மேலே ஒட்டினால் முடிந்தது.

வழக்கமாக நடக்கும் பிழை, பிள்ளை எல்லாக் குச்சியையும் முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு கொடி தேடுவது. ஒட்டும்போதே எண்ணி, கொடி வரும் குச்சியில் நிறுத்துங்கள். 24 குச்சி ஒட்டி ஒரே ஒரு கொடி வருவதன் சலிப்பு இந்தப் பாடத்தின் பகுதி. இடைவெளி சீராக வர, இரண்டு குச்சிக்கு நடுவே 1 செ.மீ. அகல அட்டைத் துண்டை வைத்து ஒட்டுங்கள் (குச்சியே 1 செ.மீ. அகலம்). முடிச்சு சொன்ன கயிற்றில் 1 செ.மீ. ஒரு நாள், இங்கே 2 செ.மீ. ஒரு மாதம். இரண்டையும் ஒரே சுவரில் தொங்கவிடாதீர்கள், குழம்பிவிடும்.

கடைசிக் குச்சிக்குப் பிறகு இன்னும் பட்டி ஒட்டி வெறுமையாக ஒரு முழம் விடுங்கள். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில், அது 103ஆவது குச்சி. காணாமல்போனோர் அலுவலகம் செயற்படத் தொடங்கியது 2018இல். காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டுக்கு எத்தனையாவது குச்சி என்று கேட்டால் பதில் இல்லை, அந்த முழம் அதற்குத்தான்.

வீட்டுப்பாடம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். முள்ளிவாய்க்கால் நினைவாகக் கொடுக்கும் கஞ்சியை வீட்டில் காய்ச்சலாமா, சின்னவருக்கு அதை எப்படிச் சொல்வது? மற்றது, உடன்படிக்கை, சரணடைவு, போர்நிறுத்தம் என்பவற்றைப் பெரியவர் ஒன்றாகவே நினைக்கிறார்.

தாண்டிக்குளம் எழுதியது:

காய்ச்சலாம். சிவப்புப் பச்சையரிசி 100 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லீற்றர், உப்பு அரைத் தேக்கரண்டி. நாலு பேருக்குச் சின்னக் கிண்ணம். கொதித்ததும் நெருப்பைக் குறைத்து, மூடியைச் சரித்து வைத்து 35–40 நிமிடம். முழுதாக மூடினால் பொங்கி அடுப்பில் ஊற்றும். கடைசிப் பத்து நிமிடம் அடியைத் துழாவிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடித்து முழுக்கஞ்சியும் புகை மணக்கும். ஆறினால் இறுகும், சுடுதண்ணீர் விட்டு இளக்கலாம். தேங்காய்ப்பால் விடலாமா என்பது வழக்கமான கேள்வி. முதற் கிண்ணத்தைப் பால் இல்லாமல் கொடுங்கள். அங்கே இருந்தது அரிசி, தண்ணீர், உப்பு. சிரட்டையில் கொடுப்பதானால் உட்புறத்தை மண்கடதாசியால் தேய்த்து இரவு முழுக்க ஊறவிடுங்கள், இல்லையென்றால் தும்பு மிதக்கும்.

சின்னவருக்கு ஒரு வரி: "சாப்பாடு இல்லாத நாளில் ஆக்கள் வரிசையில் நிண்டு இதைக் குடிச்சவை, அதை மறக்காமல் இருக்கக் காய்ச்சுறம்." மே மாதத்தில் வெசாக் தன்சலும் வரும், இரண்டும் தெருவில் சாப்பாடு கொடுப்பதால் குழப்பிக்கொள்வார். அது புண்ணியத்துக்கு, இது நினைவுக்கு என்று பிரித்துச் சொல்லுங்கள். குசினிக்கணக்குச் சொன்ன கூப்பன் விளையாட்டை அந்த நாளில் வைக்காதீர்கள். விளையாட்டும் இதுவும் ஒரே மேசைக்கு வரக்கூடாது.

மேசைநடுவர் எழுதியது:

இரண்டாவது சந்தேகத்துக்கு. போர்நிறுத்தம் என்றால் சுடுவதை நிறுத்துவது. சரணடைவு என்றால் ஒரு பக்கம் ஆயுதத்தைக் கொடுப்பது. உடன்படிக்கை என்றால் இனி எப்படி என்று எழுதுவது. 1918 நவம்பர் 11 முதலாவது, 1945 செப்டெம்பர் 2 இரண்டாவது, முதலாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு 1919 ஜூன் 28இல் செய்த வேர்சாய் உடன்படிக்கை மூன்றாவது. சொல்லிக்கொடுத்தால் மறந்துவிடும், விளையாடினால் நிற்கும்.

உங்களிடம் இரண்டு பிள்ளைகள் இருப்பது வசதி. சண்டைக்கான பொருளும் வீட்டிலேயே இருக்கும்: பல்கனிக் கதிரை, ரிமோட், கலர்ப் பென்சில் பெட்டி. நாணயம் சுண்டி "வென்றவரை" முடிவு செய்யுங்கள். சுண்டாமல் விட்டால் மூத்தவர்தான் எப்போதும் வெல்வார்.

முதல் நாள் வேர்சாய். வென்றவர் தனியே அறைக்குள் இருந்து 10 நிமிடத்தில் 5 நிபந்தனை எழுதுவார், தோற்றவர் வெளியே. பிறகு தாள் வெளியே போகும். தோற்றவர் வாயால் எதுவும் பேசக்கூடாது, எழுத்தில் மட்டும் மறுப்புச் சொல்லலாம். ஜெர்மனியருக்கு நடந்தது அதேதான்: மே 7இல் வரைவைக் கையில் கொடுத்து, எழுத்தில் மட்டும் கருத்துக் கேட்டார்கள். சின்னவர் தோற்றிருந்தால் அவர் சொல்வதை நீங்கள் எழுதிக்கொடுங்கள். கையெழுத்துப் போட்டு 24 மணித்தியாலம் அப்படியே நடக்கட்டும். குசினிச் சுவரில் ஒரு தாள், ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஒரு கோடு.

இரண்டாம் நாள் அதே பொருட்கள், ஆனால் இருவரும் ஒரே மேசையில். ஒவ்வொரு நிபந்தனையிலும் நாலு விஷயம் இருக்கவேண்டும்: யார், என்ன, எத்தனை மணிக்கு, மீறினால் என்ன. நாலில் ஒன்று குறைந்தால் நீங்கள் முத்திரை குத்தக்கூடாது. "ரிமோட்டைப் பகிர்வோம்" செல்லாது. "6 மணியிலிருந்து 6.30 வரை தம்பி, பிந்தினால் அடுத்த நாள் 10 நிமிடம் கழிவு" செல்லும். பிள்ளைகள் அதிகம் விடுவது நாலாவதைத்தான். பெரியவர்களும் அப்படித்தான். மாலையில் இரண்டு நாள் கோடுகளையும் எண்ணுங்கள். இரண்டாம் நாளில் குறையும் என்று உறுதி இல்லை. கூடினால் எந்த நிபந்தனையால் கூடியது என்று பாருங்கள், அதுதான் சுவை. மன்னிப்புக் கேள், முழங்காலில் நில் போன்ற நிபந்தனைகளை முதலிலேயே தடுத்துவிடுங்கள், பொருளும் நேரமும் மட்டும். "எப்போதைக்கும்" என்ற சொல்லுக்கும் தடை.

பெரியவருக்கு இரண்டு துண்டுச் செய்தி. வேர்சாய் இழப்பீட்டுக்காக வாங்கிய கடன்களின் கடைசித் தவணையை ஜெர்மனி கட்டியது 2010 ஒக்டோபர் 3இல். மற்றது நம்மவர்: 1951 செப்டெம்பர் 6இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அன்றைய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன, பகை பகையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, இலங்கை யப்பானிடம் இழப்பீடு கேட்காது என்றார். 1942இல் குண்டு விழுந்த நாடு கேட்காமல் விட்டது சரியா? இதை வைத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், "சரி" என்றும் "பிழை" என்றும் அரைப்பக்கம் வீதம். 1983இல் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது ஜனாதிபதி அவர்தான், அந்தப் பெயரைக் கேட்டதும் பிள்ளை வேறொரு கேள்வியும் கேட்கும், அதற்கும் தயாராக இருங்கள். அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1952 ஏப்ரல் 28இல். முடிச்சின் கயிற்றில் அதற்கும் இடம் இல்லை.

முடிச்சு எழுதியது:

காலிமுகத்திடலில் ஏறக்குறைய 24 மீற்றர் நடந்தால் அந்த ஏப்ரல் 28 வந்துவிடும், அங்கே ஒரு செருப்பை வைத்துவிட்டு ஒனோடாவுக்கு நடக்கட்டும். காலையில் போங்கள். பின்னேரம் போனால் பட்டக்காரர் நிறைந்திருப்பார்கள், நூல் காலில் சிக்கும், அடி எண்ணிக்கை பிசகும்.